சான் ஹோசேயில் எங்கே தங்குவது, என்ன எதிர்பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

கோஸ்டா ரிக்காவுக்கு வருகிறவர்கள் எரிமலை, காடு, கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுவிடுகிறார்கள். தலைநகர் சான் ஹோசேயில் கழியும் ஒன்றிரண்டு இரவை மட்டும் "எங்கேயாவது தங்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வந்து இறங்கும் நண்பர்களும் உறவினர்களும் படும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த "எங்கேயாவது" என்பதில்தான் தொடங்குகின்றன.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அறையை போட்டுவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைப்பதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது. இந்த ஊரில் அது தலைகீழ் முறை.

1. டிக்கெட்டுக்கு முன்னால் விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் ஷெங்கன் போன்ற சில நாடுகளின் பலமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: எந்த வகை விசா, இன்னும் எத்தனை மாதம் செல்லும், ஒருமுறையா பலமுறையா. பட்டியல் அவ்வப்போது மாறுவதால், பயண நிறுவனம் சொல்வதை நம்பாமல் கோஸ்டா ரிக்காவின் குடிவரவுத் துறைத் தளத்தில் நேராகப் பாருங்கள். இந்தியருக்கு உள்ள விதியே இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது தனி.

அமெரிக்காவில் ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பும் சலுகை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது கோஸ்டா ரிக்காவுக்குக் கிடையாது. இங்கே வந்துவிட்டால் புது முத்திரை இல்லாமல் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாது.

இந்தியாவிலிருந்து வருவதானால் ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ வரலாம். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும், இரண்டு மணி நேரமே அங்கே நின்றாலும் சரி. அந்த விசா இல்லாதவர்கள் மேட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியைப் பார்க்க வேண்டும். அங்கேயும் இடைநிலை விசா விதியைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நாட்டை விட்டு வெளியேறும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். கேட்பது பெரும்பாலும் குடிவரவு அதிகாரி அல்ல, நீங்கள் விமானம் ஏறும் ஊரின் செக்-இன் கவுண்டர்தான். தரைவழியாகப் பனாமாவுக்கோ நிகராகுவாவுக்கோ போகிறவர்கள் அந்தப் பேருந்து டிக்கெட்டையாவது முன்பே எடுத்து வைத்திருங்கள்.

டிக்கெட் போடும்போது விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது எஸ்.ஜே.ஓ. எஸ்.ஜே.சி. என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. எல்.ஐ.ஆர். என்றால் கோஸ்டா ரிக்காதான், ஆனால் வடமேற்கே லிபேரியா ஊர். தலைநகரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல்.

2. எப்படி வெளியேறப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சான் ஹோசேயில் மத்தியப் பேருந்து நிலையம் என்று ஒன்று கிடையாது. எந்தத் திசைக்குப் போகிறீர்களோ அதற்கேற்ப நிலையம் மாறும். மொந்தெவெர்தே மேகக்காட்டுக்கு 7-10 நிலையம். லிமோன், குவாபிலெஸ், சராபிக்கி பக்கத்துக்குக் கரீபியன் நிலையம். மனுவேல் அந்தோனியோ பூங்கா இருக்கும் கேபோஸுக்கும் தெற்கு ஊர்களுக்கும் திராகோப்பா நிலையம். இவற்றுக்கிடையே பெட்டியோடு நடப்பது நல்ல யோசனை அல்ல.

ஆகவே அடுத்த ஊரை முடிவு செய்யாமல் அறை போட்டால், விடியற்காலையில் ஊரின் குறுக்கே டாக்சியில் ஓட வேண்டி வரும். ஓட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் ஷட்டில் வேனில் போவதானால் இந்தக் கவலை இல்லை. விலை பேருந்தைப் போலப் பல மடங்கு. ஆனால் இரண்டு குழந்தை, நான்கு பெட்டி என்று வரும் குடும்பத்துக்கு அது நியாயமான செலவுதான்.

புதிதாக வருபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் புவெர்த்தோ வியேஹோ. இந்தப் பெயரில் இரண்டு ஊர் உண்டு. சராபிக்கியில் உள்ளது மழைக்காட்டு ஆற்றங்கரை ஊர், தலமாங்காவில் உள்ளது கரீபியன் கடற்கரை ஊர். கவுண்டரில் "புவெர்த்தோ வியேஹோ" என்று மட்டும் சொன்னால், கடலைத் தேடிப் போனவர் காட்டில் இறங்குவார். "தே சராபிக்கி" அல்லது "தே தலமாங்கா" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

உள்நாட்டு விமானம் என்றால், டிக்கெட்டில் இருப்பது பெரிய விமான நிலையமா, பாவாஸ் பகுதியில் உள்ள சிறியதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடம்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு என் கருத்து: ஊரை விட்டுக் கிளம்பும் அன்று எடுங்கள், வந்து இறங்கும் அன்று வேண்டாம். நகருக்குள் வார நாட்களில் எண் பலகையின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வண்டி ஓட்டத் தடை உண்டு. உங்கள் வண்டிக்கு எந்த நாள் என்று எடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்த வாடகையோடு கட்டாயக் காப்பீடும் சேரும். நாளுக்குப் பத்து டாலர் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் கவுண்டரில் தொகையைப் பார்த்து முகம் சுளிப்பது இங்கே வாடிக்கை.

3. பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

அறையின் படங்களைப் பார்க்கும் முன் பகுதியை முடிவு செய்யுங்கள். ஒரே விலை, ஒரே மதிப்பெண் உள்ள இரண்டு ஓட்டல்கள் எட்டுத் தெரு இடைவெளியில் இரவு ஏழு மணிக்கு முற்றிலும் வேறு அனுபவம் தரும்.

அலஹுவேலா. விமான நிலையம் இருப்பது சான் ஹோசேயில் அல்ல, சுமார் 20 கிலோமீட்டர் வடமேற்கே அலஹுவேலாவில். இரவு பத்து மணிக்கு இறங்குகிறீர்களா, காலை ஆறு மணிக்குப் பறக்கிறீர்களா? அந்த இரவுக்கு இங்கேயே தங்குங்கள். போவாஸ் எரிமலைக்கும் இதுவே பக்கம். ஆனால் தலைநகரைப் பார்க்கும் எண்ணத்தோடு "விமான நிலையத்துக்கு அருகில்" என்று அறை போட்டால் தினமும் இரண்டு வேளை நெரிசலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

மையப்பகுதியின் கிழக்குப் பாதி. கலாச்சாரச் சதுக்கத்திலிருந்து மொராசான் பூங்கா, தேசியப் பூங்கா வரையிலான பகுதி. தேசிய அரங்கம், தங்க அருங்காட்சியகம், ஜேட் அருங்காட்சியகம், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் நடந்தே போகும் தொலைவு. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதை ஊருக்குள் செலவிடப் போகிறேன் என்பவர்களுக்கு இதுவே சரி. பகலில் நெரிசல் மிகுந்த கடைத்தெரு. இரவு எட்டு மணிக்கு மேல் கடைகள் அடைத்ததும் தெரு வெறிச்சோடிவிடும். திரும்பி வருவது டாக்சியில்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மையப்பகுதியின் மேற்குப் பாதி. மெர்காதோ சென்த்ரால் எனும் மத்தியச் சந்தைக்கு மேற்கே கோக்கா-கோலா என்று அழைக்கப்படும் பேருந்து நிலையச் சுற்றுவட்டாரம். மலிவான அறைகள் இங்கே நிறைய. அதிகாலைப் பேருந்துக்குப் பக்கம் என்று ஆசையும் வரும். வேண்டாம். இருட்டிய பிறகு உள்ளூர்க்காரர்களே இங்கே நடப்பதில்லை. மிச்சப்படும் பதினைந்து டாலரை டாக்சிக்குக் கொடுப்பீர்கள், தூக்கமும் போகும்.

அமோன், ஒதோயா. காப்பித் தோட்ட முதலாளிகளின் பழைய மாளிகைகள் சிறு ஓட்டல்களாக மாறியிருக்கின்றன. மரத் தளம், முற்றம், உயரமான கூரை என்று அழகான அறைகள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மையத்திலிருந்து பத்து நிமிட நடை என்பது பகலில் உண்மை. இரவில் சில தெருக்கள் ஆளரவமற்றும், சில தெருக்கள் பாலியல் தொழிலுக்குப் பெயர்போனவையாகவும் இருக்கும். ஆபத்து என்பதைவிட அசௌகரியம் என்று சொல்லலாம். குழந்தைகளோடு வருபவர்கள் யோசியுங்கள்.

எஸ்கலாந்தே. கையே 33-ஐச் சுற்றி உணவகங்களும் காப்பிக்கடைகளும் நிறைந்த பகுதி. மாலையில் வெளியே நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். இந்த ஊரில் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. முதல்முறை வரும் தம்பதிகளுக்கும் தனியாக வருபவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். வெள்ளி, சனி இரவுகளில் சத்தம் இருக்கும், ஆகவே உணவகத் தெருவிலிருந்து ஒன்றிரண்டு தெரு தள்ளி அறை பாருங்கள்.

லோஸ் யோசஸ், சான் பெத்ரோ. எஸ்கலாந்தேக்குத் தென்கிழக்கே. கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகம் இங்கே இருப்பதால் சாப்பாடு மலிவு, இளைஞர் கூட்டம் அதிகம். லோஸ் யோசஸ் அமைதி, சான் பெத்ரோ ஆரவாரம். கார்த்தாகோ பக்கம் போகிறவர்களுக்கு வசதி.

லா சபானா, ரோஹர்மோசர். மேற்கு முனை. பழைய விமான நிலையம் இருந்த இடமே இப்போது லா சபானா பூங்கா. காலை நடைக்கு ஊரிலேயே சிறந்த இடம். விமான நிலையத்துக்கும் பசிபிக் கடற்கரை நெடுஞ்சாலைக்கும் மையத்தின் நெரிசலைத் தொடாமல் போகலாம். முதியவர்களோடு வரும் குடும்பங்கள், அலுவலக வேலையாக வருபவர்கள் இங்கே தங்கினால் குறை சொல்ல மாட்டார்கள். மையத்தில் உள்ள அருங்காட்சியகங்களுக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர்.

எஸ்கசூ. பெரிய மால், பெரிய ஓட்டல், பெரிய விலை. எல்லாம் இருக்கும், சான் ஹோசே மட்டும் இருக்காது.

4. அறை உறுதி செய்யும் முன் கேட்க வேண்டியவை

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 25 டிகிரியை ஒட்டியும் இரவில் 17, 18 டிகிரியும் இருக்கும். அதனால் நடுத்தர ஓட்டல்களில் ஏசி இருக்காது, தேவையும் இல்லை. வெப்பமண்டல நாடு என்று நினைத்து ஏசி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் வெந்நீரைப் பற்றிக் கேளுங்கள்.

மலிவான தங்குமிடங்களில் குளியலறைக் குழாயின் தலையிலேயே மின்சூடேற்றி பொருத்தியிருப்பார்கள். சுவரிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வந்து நேராக ஷவருக்குள் போகும். பார்த்தால் பயமாக இருக்கும். தண்ணீரை முழுவதும் திறந்தால் வெதுவெதுப்புக்கு மேல் வராது. குறைத்துத் திறந்தால் நன்றாகச் சூடாகும், ஏனென்றால் அந்தச் சிறிய கம்பிச்சுருள் கொஞ்சம் தண்ணீரைத்தான் சூடேற்ற முடியும். குளிக்கும்போது ஷவர் தலையைத் தொடாதீர்கள், சுவிட்சை மாற்றாதீர்கள். இது ஒத்துவராது என்றால் தொட்டி வெந்நீர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அறை தெருப் பக்கமா, உள்பக்கமா. தகரக் கூரை வீடுகள் அதிகம். மழைக்காலத்தில் மாடி அறையின் கூரையில் மழை அடிக்கும்போது அடுத்திருப்பவரிடம் பேச முடியாது.

மின்சாரம் 120 வோல்ட், தட்டைக் கால் பிளக். அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இந்தியாவிலிருந்து குட்டி ரைஸ் குக்கரோ கெட்டிலோ தூக்கி வருபவர்கள் கவனியுங்கள்: அடாப்டர் போட்டாலும் 230 வோல்ட் சாதனம் இங்கே கால்வாசி சக்தியில்தான் வேலை செய்யும். சாதம் வேகாது, அரிசி ஊறும். செல்போன், மடிக்கணினி சார்ஜர்கள் சரியாக இருக்கும்.

கழிப்பறைக் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் உள்ள கூடையில் போட வேண்டும் என்ற அறிவிப்பு பெரும்பாலான இடங்களில் ஒட்டியிருக்கும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரைச் சான் ஹோசேயில் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

5. முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு வருபவர்கள்தான் முதல் நாளே சுற்றிச் சுற்றி அலைகிறார்கள்.

மையப்பகுதியில் தெருக்களுக்கு எண் உண்டு. கிழக்கு மேற்காக ஓடுவது அவெனிதா, வடக்கு தெற்காக ஓடுவது கையே. அவெனிதா சென்த்ராலுக்கு வடக்கே ஒற்றைப்படை எண்கள், தெற்கே இரட்டைப்படை. கையே சென்த்ராலுக்குக் கிழக்கே ஒற்றைப்படை, மேற்கே இரட்டைப்படை. அவெனிதா 7, கையே 10 என்றால் வடமேற்கு. கையே 5, அவெனிதா 20 என்றால் தென்கிழக்கு. வரைபடம் இல்லாமலே திசை தெரிந்துவிடும்.

ஆனால் மக்கள் முகவரி சொல்வது அப்படி இல்லை. வீட்டு எண் புழக்கத்தில் கிடையாது. "சாந்தா தெரெசிதா தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் கிழக்கு, 75 மீட்டர் வடக்கு" என்பார்கள். இதில் 100 மீட்டர் என்பது ஒரு தெருக்கட்டம். அந்தக் கட்டம் உண்மையில் 80 மீட்டரா 120 மீட்டரா என்பது யாருக்கும் பொருட்டல்ல. 50 என்றால் அரைக் கட்டம், 75 என்றால் முக்கால். செல்போன் வரைபடத்தில் அளவுகோல் வைத்து 200 மீட்டர் அளந்தால் தப்பான வாசலில் போய் நிற்பீர்கள். தெருமுனைகளை எண்ணுங்கள்.

அடையாளம் சொல்லும் இடம் இன்னும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சான் பெத்ரோவில் "பழைய இகெரோன்" என்று ஒரு அத்திமரத்தை வைத்து வழி சொல்வார்கள். அந்தப் பழைய மரம் போய்ப் பல காலம் ஆகிறது. கோக்கா-கோலா பேருந்து நிலையமும் எப்போதோ அங்கே இருந்த பானத் தொழிற்சாலையின் பெயரைத்தான் சுமக்கிறது. முகவரியில் "அந்திகுவோ" (பழைய) என்று வந்தால் அந்தக் கட்டடத்தைத் தேடாதீர்கள், யாரையாவது கேளுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓட்டலிடம் முகவரியோடு வேஸ் எனும் வழிகாட்டும் செயலியின் இணைப்பையும் கேட்டு வாங்குங்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முகவரியை அடையாளத்தோடு ஸ்பானிய மொழியில் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் அந்தத் தாள்தான் ஓட்டுநரிடம் பேசும்.

6. விமான நிலையத்திலிருந்து அறைக்கு

இறங்கியதும் செய்ய வேண்டிய வரிசை: சிம், கொஞ்சம் பணம், பிறகு வண்டி. கோல்பி, கிளாரோ, லிபர்ட்டி ஆகியவை உள்ளூர் நிறுவனங்கள். சிம் வாங்கப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

விமான நிலையத்தின் அதிகாரப்பூர்வ டாக்சி ஆரஞ்சு நிறம். நகரத்து டாக்சி சிவப்பு, கதவில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். மீட்டரை இங்கே "மரியா" என்பார்கள். ஏறியதும் "லா மரியா, போர் ஃபவோர்" என்று சொன்னால் போதும். அதைப் போட மறுத்தால் இறங்கி அடுத்த வண்டியைப் பாருங்கள். வெளியே வரும்போது "டாக்சி, டாக்சி" என்று பெட்டியைப் பிடுங்குபவர்களிடம் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

ஊபரும் உண்டு, பெரும்பாலும் டாக்சியைவிட மலிவு. சட்ட நிலையில் நீண்டகாலமாக இழுபறி இருந்ததால் சில ஓட்டுநர்கள் ஒருவரை முன் இருக்கையில் உட்காரச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், நண்பரை ஏற்றிப் போவது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

பேருந்து மிக மலிவு, இரண்டு டாலருக்கும் கீழே. அலஹுவேலாவிலிருந்து வரும் சிவப்புப் பேருந்து விமான நிலையத்துக்கு எதிரே சாலையில் நிற்கும், மையத்தில் அவெனிதா 2-இல் லா மெர்செத் பூங்கா அருகே விடும். முதுகுப்பை மட்டும் உள்ளவர்களுக்கு நல்லது. பெரிய பெட்டிக்கு இடமில்லை. வாசலில் இரண்டு உலோகக் கம்பங்கள் நிற்கும். அவை ஏறுபவர்களை எண்ணும் உணர்விகள். அவற்றுக்கு நடுவே நின்றுகொண்டு சில்லறை தேடினால் ஓட்டுநரின் கணக்கில் நீங்கள் இரண்டு பேராகிவிடுவீர்கள், அவர் சத்தம் போடுவார். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள், நில்லாமல் உள்ளே போங்கள்.

நேரம்: நெரிசல் இல்லாதபோது அரைமணி நேரம். காலை ஆறரை முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஏழு வரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

7. பணம்

நாணயம் கொலோன். சமீப ஆண்டுகளில் டாலருக்கு 500 கொலோன் அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. டாலர் பல இடங்களில் செல்லும், சில்லறை கொலோனில் வரும், அந்த மாற்றுவிகிதம் கடைக்காரர் வைத்ததுதான். விமான நிலையத்து மாற்றுக் கவுண்டரில் பெரிய தொகையை மாற்றாதீர்கள், விகிதம் மோசம். வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். ஏடிஎம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். 50, 100 டாலர் தாள்களையும் ஓரம் கிழிந்த தாள்களையும் பலர் வாங்க மாட்டார்கள்.

உணவகத்தில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பில்லிலேயே சேர்ந்துவிடும். அமெரிக்கப் பழக்கத்தில் மறுபடியும் 20 சதவீதம் வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

8. நாளைக் கடிகாரத்துக்கு ஏற்ப மடியுங்கள்

ஆண்டு முழுவதும் ஐந்தரை மணியளவில் விடியும், மாலை ஐந்தேகால் முதல் ஆறுக்குள் இருட்டிவிடும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காலை பளிச்சென்று இருக்கும், மதியம் ஒன்று இரண்டு மணிக்கு மேகம் கூடும், பிறகு கொட்டும். ஆகவே வெளியில் பார்ப்பதெல்லாம் காலை, கூரைக்குக் கீழே பார்ப்பதெல்லாம் மதியம். இதை மாற்றிச் செய்பவர்கள் காலையில் அருங்காட்சியகத்தில் வெயிலை வீணடித்துவிட்டு மதியம் பூங்காவில் நனைகிறார்கள்.

எரிமலைக்கும் இதே காரணம்தான். இராசு 3,432 மீட்டர் உயரம். காலை எட்டு, ஒன்பதுக்குள் போனால்தான் பள்ளம் தெரியும் வாய்ப்பு அதிகம், பிறகு மேகம் மூடிவிடும். ஸ்வெட்டர் கட்டாயம். போவாஸ், இராசு இரண்டுக்கும் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். எரிமலை சீறினால் போவாஸை மூடிவிடுவார்கள் என்பதால் முந்தின நாள் ஒருமுறை பாருங்கள்.

நாட்காட்டியில் இரண்டு இடம். புனித வாரத்தின் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பல பேருந்துகள் ஓடாது, ஊரே கடற்கரைக்குப் போய்விடும். ஆகஸ்ட் 2-ஐ ஒட்டிக் கார்த்தாகோ பேராலயத்துக்கு நாடே நடைப்பயணம் போகும். அந்தச் சாலையில் வண்டி நகராது.

9. ஒரே நாள் இருந்தால்

காலை மெர்காதோ சென்த்ராலில் சாப்பாடு. ஞாயிறு மூடியிருக்கும். அங்கிருந்து வாகனம் இல்லாத அவெனிதா சென்த்ரால் வழியே கிழக்கே நடந்தால் கலாச்சாரச் சதுக்கம். 1897-இல் திறந்த தேசிய அரங்கம் அங்கே. தங்க அருங்காட்சியகம் சதுக்கத்துக்கு அடியிலேயே, நிலத்தடியில் இருக்கிறது, மேலே நின்றுகொண்டு தேடுபவர்கள் உண்டு. மழை வந்ததும் ஜேட் அருங்காட்சியகம், அதற்கு எதிரே தேசிய அருங்காட்சியகம். பின்னது திங்கள் விடுமுறை. மாலை எஸ்கலாந்தே.

மூன்று அருங்காட்சியகத்துக்கும் நேரமில்லை என்றால் தங்கத்தை விட்டுவிட்டு ஜேட் பாருங்கள். இதில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள்.

10. சாப்பாடு

"சோதா" என்ற பெயர்ப்பலகை உள்ள சிறு சாப்பாட்டுக்கடைகளே உங்களுக்கு வேண்டியவை. காலையில் சோறும் கறுப்புப் பயறும் சேர்த்துப் புரட்டிய காயோ பின்த்தோ, மதியம் கசாதோ. கசாதோ என்பது சோறு, பயறு, சாலட், பொரித்த வாழைப்பழம், கூடவே இறைச்சியோ மீனோ முட்டையோ. சோறு தேடும் வயிற்றுக்கு இந்த நாட்டில் கவலை இல்லை.

காரம்தான் இல்லை. மேசையில் கண்ணாடி ஜாடியில் மிளகாய், கேரட், வெங்காயம் வினிகரில் ஊறியிருக்கும், அதன் பெயர் சிலேரோ. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரு துண்டு மட்டும் எடுத்துப் பாருங்கள், சில கடைகளில் நம்மையே இரும வைக்கும்.

சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்துவிடலாம், கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான். "நோ கோமோ கார்னே, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று முழுதாகச் சொல்லுங்கள். பயற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்பதும் நல்லது.

11. பாதுகாப்பு

பயப்பட வேண்டிய ஊர் அல்ல. அசந்தால் பையை இழக்கும் ஊர். பேருந்தில் தலைக்கு மேல் உள்ள தட்டில் பாஸ்போர்ட் இருக்கும் பையை வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். யாராவது உங்கள் சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று துடைக்க வந்தால் முதலில் பையைப் பிடியுங்கள். வாடகைக் கார் எடுத்துக் கிளம்பிய சில நிமிடத்தில் டயர் இறங்கி, உதவிக்கு ஓடி வரும் ஆள் அதைவிட வேகமாக வந்தால், நிறுத்தாமல் பெட்ரோல் பங்க் வரை ஓட்டுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு, முகப்புப் பக்கமும் நுழைவு முத்திரைப் பக்கமும் நகலாக எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு 911. திருட்டுப் போனால் காப்பீட்டுக்குத் தேவைப்படும் புகாரை ஓ.ஐ.ஜே. எனப்படும் நீதித்துறைப் புலனாய்வு அமைப்பில்தான் கொடுக்க வேண்டும், தெருவில் நிற்கும் காவலரிடம் அல்ல.

12. கிளம்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும் என்றால், மையத்திலிருந்து காலை நெரிசலில் கிளம்புபவர்கள் அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை முந்தின இரவே ஓட்டலில் சொல்லி வையுங்கள். வெளியேறும் வரி இப்போது டிக்கெட்டிலேயே சேர்ந்து வருகிறது. பழைய வழிகாட்டிகள் சொல்வதுபோலத் தனி வரிசையில் நிற்க வேண்டாம்.

கொலோனை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம். மிச்சத்தை முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டில் காப்பியாக மாற்றிவிடுங்கள், விமான நிலையக் கடையில் அதே காப்பி விலை கூடுதல். பாக்கெட்டில் "புரோ" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூர் சிக்கரிக் கலவை போலச் சர்க்கரை சேர்த்து வறுத்த வகைகளும் அதே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும், விலையும் குறைவு. தூளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிரித்துப் பார்ப்பார்கள், பெட்டியில் போட்டுவிடுங்கள்.